நீலக் குறி – 9: சாசனத்தை ஜெயித்த மீன்

போன வாரம் 1992இல் கனடாவின் காட் மீன் தீர்ந்துபோன கதையையும், அந்த அதிர்ச்சியில் உலக இயற்கை நிதியமும் யூனிலீவரும் கைகோத்து லண்டனில் கடல் பராமரிப்பு மன்றத்தைத் தொடங்கியதையும், நீடித்த முறையில் பிடித்த மீன் என்று பாக்கெட்டில் அச்சடிக்கும் நம் நீலக் குறி அங்கே பிறந்ததையும் பார்த்தோம். விட்டுப்போனவர்கள் பழைய இதழை யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி எழுத இடமில்லை.

இந்த வாரம் மாலத்தீவுச் சூரை என்று சொல்லியிருந்தேன். எழுதவும் உட்கார்ந்தேன். முன்னுரையாக அலாஸ்கா சால்மன் பற்றி ஒரு பத்தி இருந்தால் நன்றாக இருக்குமே என்று தேடப்போன இடத்தில் ஒரு வாக்கெடுப்பு முடிவு கண்ணில் பட்டது. அத்தோடு மாலத்தீவு போயிற்று. உதவி ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். "சூரை வந்துடுச்சா சார்?" என்கிறார். சூரை வரவில்லை, சால்மன்தான் வந்திருக்கிறது.

விஷயம் இதுதான். 1956 ஏப்ரல் 24. அலாஸ்கா அப்போது மாநிலம் இல்லை. வாஷிங்டனில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆண்ட ஒரு பிரதேசம். மாநில அந்தஸ்து கேட்டுக் கேட்டு அலுத்த அலாஸ்காக்காரர்கள், வருகிறபோது வரட்டும் என்று முன்கூட்டியே ஒரு அரசியல் சாசனத்தை எழுதி மக்கள் முன் வைத்தார்கள். ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகத்தில் பனிக்காலம் முழுக்க 55 பிரதிநிதிகள் உட்கார்ந்து எழுதியது. ஆதரவு 17,447, எதிர்ப்பு 7,180. அதே வாக்கெடுப்பில் இன்னொரு கேள்வியும் இருந்தது: வணிக மீன் பொறிகளைத் தடை செய்யலாமா? ஆம் என்றவர்கள் 21,285 பேர். வேண்டாம் என்றவர்கள் 4,004.

இன்னொரு முறை படியுங்கள். தங்கள் அரசியல் சாசனத்துக்குப் போட்டதைவிட மீன் பொறித் தடைக்கு 3,838 வாக்குகள் அதிகமாகப் போட்டிருக்கிறார்கள். சாசனம் வேண்டாம் என்று சொன்னவர்களில்கூடப் பல பேர் பொறியை ஒழி என்று குத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து உலகத்தில் வேறெங்கும் ஒரு மீன் அரசியல் சாசனத்தை ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்ததில்லை.

அந்தப் பொறி அப்படி என்ன பாவம் செய்தது? கரையிலிருந்து கடலுக்குள் நீளமாகக் கம்புகள் நட்டு, கம்பி வலையால் வேலி கட்டுவார்கள். முட்டையிடத் தாய் ஆற்றைத் தேடி வரும் சால்மன் கரையை ஒட்டியே நீந்தும். வேலி குறுக்கே நிற்கும். மீன் ஆழம் பக்கம் திரும்பும். திரும்பிய இடத்தில் ஓர் அறை, அதற்குள் இன்னோர் அறை. உள்ளே போன மீனுக்கு வெளியே வர வழி தெரியாது. வலை வீச வேண்டாம், படகு ஓட்ட வேண்டாம். மேலே ஒரு குடிசையில் காவல்காரர் ஒருவர் இருந்தால் போதும். கம்பெனிப் படகு வந்து அள்ளிக்கொண்டு போகும். கம்பெனிகள் பெரும்பாலும் சியாட்டிலிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இருந்த டின் மீன் கம்பெனிகள். மீன் அலாஸ்காவினுடையது, காசு அங்கே.

உள்ளூர் மீனவர்கள் சும்மா இருந்தார்களா? ராத்திரியில் போய்ப் பொறியிலிருந்தே மீனைத் திருடினார்கள். காவல்காரர் கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்தால் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். திருடிய மீனை அதே கம்பெனிகளுக்கு விற்றவர்களும் உண்டு. பிடிபட்டாலும் தண்டனை வாங்கித்தருவது லேசில்லை. ஜூரிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்தானே! 1948இல் ஒரு கருத்துக் கணிப்பு வாக்கெடுப்பு நடந்தது. எட்டில் ஏழு பேர் பொறி ஒழிய வேண்டும் என்றார்கள். வாஷிங்டன் கேட்கவில்லை. 1953இல் மீன் அவ்வளவு குறைந்துபோய், சால்மனை நம்பியிருந்த ஊர்களைப் பேரிடர் பகுதி என்று அதிபர் ஐசனோவர் அறிவிக்கவேண்டி வந்தது. 1959 ஜனவரி 3 அன்று அலாஸ்கா மாநிலமானபோது அதன் கைக்கு வந்தது கிட்டத்தட்டக் காலியான கடல். அந்த ஆண்டு மாநிலம் முழுக்கப் பிடிபட்ட சால்மன் சுமார் 2.5 கோடி. எண்ணிக்கை பெரிதாகத் தெரியலாம். பிற்பாடு, 2022இல், பிரிஸ்டல் விரிகுடா என்ற ஒரே ஒரு பகுதியில் சாக்கை என்ற ஒரே ஒரு வகை மட்டும் சுமார் 6 கோடி பிடிபட்டது. இப்போது அந்த 2.5 கோடியைப் பாருங்கள்.

(பொறித் தடையிலிருந்து தப்பியது ஒரே ஓர் ஊர்: மெட்லகட்லா. பழங்குடியினருக்கான தனி நிலம், எங்கள் கடல் எங்கள் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் மாலத்தீவு பொங்கலுக்குத்தான் வரும்.)

பொறியை ஒழித்தவர்கள் அத்தோடு நிற்கவில்லை. சாசனத்தின் எட்டாம் பிரிவில், மீன், காடு, காட்டுயிர், புல்வெளி எல்லாவற்றையும் மறுபடி மறுபடி விளைச்சல் கிடைக்கும்படிதான் பயன்படுத்த வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். இன்றைக்கு ஒவ்வொரு சூப்பர் மார்க்கெட் பையிலும் அச்சடித்திருக்கிற 'நீடித்த மீன்பிடிப்பு' என்ற பேச்சு அங்கே 1956இலேயே சாசனத்தில் ஏறிவிட்டது. இந்தக் கர்வத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடக்கும் சண்டை முழுக்க இதிலிருந்துதான்.

சட்டம் எழுதுவது சுலபம், அதை ஆற்றங்கரையில் எப்படி நடத்துகிறார்கள்? பிரிஸ்டல் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளின் கரையில் சாரம்போல ஒல்லியான கோபுரங்கள் நிற்கின்றன. கோடை வந்ததும் கூடாரத்தோடும் கொசுவலையோடும் இளைஞர்கள் போய் இறங்குகிறார்கள். கரடி வரும் இடம். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவு. சாக்கை சால்மன் நீரோட்டத்துக்கு அஞ்சிக் கரையோரமாகவே மேலேறும். கண்கூச்சம் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு கோபுரத்தில் ஏறி, கையில் ஒரு எண்ணுமானியோடு, மணிக்குப் பத்து நிமிடம் இந்தக் கரையில் எண்ணுவார்கள். பிறகு அந்தக் கரையில் பத்து நிமிடம். ஆறால் பெருக்கினால் அந்த மணி நேரத்துக் கணக்கு. ராத்திரியில் விளக்குப் போட்டு எண்ணுவார்கள். இப்படி நாள் முழுக்க, சீசன் முழுக்க. கலங்கலான ஆறுகளில் சோனார் வைத்திருக்கிறார்கள்.

முட்டையிட இத்தனை மீன் மேலே போக வேண்டும் என்று ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு இலக்கு உண்டு. கோபுரத்துக் கணக்கு பின்தங்கினால் கீழே கடலில் மீன்பிடிப்பு மூடப்படும். கணக்கு ஏறினால் திறக்கப்படும். அந்தப் பகுதியின் மீன்வள மேலாளரே உத்தரவு போடலாம், மேலிடத்துக்குக் கோப்பு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அது நாள்காட்டி பார்த்துப் போடுவது. அங்கே மீன் முகத்தைப் பார்த்து. நூற்றுக்கணக்கான இனங்கள் கலந்து வாழும் நம் கடலில் கோபுரம் கட்டி எண்ண முடியாது என்பதும் உண்மைதான். சால்மன் ஒரு குறிப்பிட்ட வாசல் வழியாக வீட்டுக்குத் திரும்புகிற மீன், அந்த வசதி அவர்களுக்கு.

இன்னொன்று, சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிரிஸ்டல் விரிகுடாவில் 1951 வரை மீன்பிடிப் படகில் மோட்டார் வைக்கவே கூடாது. பாய்மரம்தான். உலகம் முழுக்க டீசல் புகை கிளம்பியபோது அங்கே டின் கம்பெனிகளின் பாய்மரப் படகுகள் காற்றுக்குக் காத்துக்கொண்டிருந்தன. இப்போதும் படகு 32 அடிக்கு மேல் நீளக் கூடாது. நீளம்தானே கூடாது என்று ஆட்கள் படகைப் பக்கவாட்டில் அகலமாக்கிக்கொண்டே போகிறார்கள்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

2000 செப்டம்பரில் அலாஸ்கா சால்மன் நீலக் குறி வாங்கியது. அமெரிக்காவில் அதை வாங்கிய முதல் மீன்பிடிப்பு அதுதான். அப்போது குறிக்கு அலாஸ்காவின் பெயர் தேவைப்பட்டது என்பதே என் அபிப்பிராயம். அப்போதுதான் பிறந்த ஒரு முத்திரைக்கு உலகம் மதிக்கிற மீன் ஒன்று கிடைத்தது. 2006இல் வால்மார்ட் களத்தில் குதித்தது. வட அமெரிக்கக் கடைகளில் விற்கும் கடல் பிடிப்பு மீன் எல்லாம் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் நீலக் குறி வாங்கியதாக இருக்கும் என்று வாக்குக் கொடுத்தது. முத்திரையின் கௌரவம் ஒரே நாளில் எங்கேயோ போய்விட்டது.

குறி சும்மா வராது. மதிப்பீட்டாளருக்கு மீனவர் தரப்புதான் காசு கொடுக்க வேண்டும். பாக்கெட்டில் குறியை அச்சடித்தால் விற்பனை மதிப்பில் அரை சதவீதம் மன்றத்துக்கு. மதிப்பெண்ணும் உண்டு: மீன் இருப்பு, சுற்றுச்சூழல், நிர்வாகம் என்று மூன்று பாடம். எந்தக் கேள்வியிலும் 60க்குக் கீழே போகக் கூடாது, ஒவ்வொரு பாடத்திலும் சராசரி 80 வேண்டும். 60க்கும் 80க்கும் நடுவே நிற்கிற கேள்விகளுக்கு, ஐந்தாண்டுக்குள் சரிசெய்கிறோம் என்று எழுதிக்கொடுத்தால் சான்றிதழ் உண்டு. இதை வாசித்தபோது எங்கள் கல்லூரி அரியர் முறைதான் ஞாபகம் வந்தது.

அலாஸ்காவுக்கு மாட்டிய கேள்வி குஞ்சு பொரிப்பகம். அந்த மாநிலத்தின் பொரிப்பகங்கள் ஆண்டுக்கு 150 கோடிக்கும் மேற்பட்ட சால்மன் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றன. வளர்ந்து திரும்பும்போது வழிதவறி இயற்கை மீன்கள் முட்டையிடும் ஓடைகளில் நுழைந்துவிடுகின்றன. கலப்பு நடக்கிறது. பிடிபடும் மீன் எண்ணிக்கை குறையவில்லையே, பிறகென்ன என்பது அலாஸ்காவின் கேள்வி. எண்ணிக்கை சரி, அந்த ஓடையின் சொந்த மீன் வம்சம் என்ன ஆகும் என்பது மன்றத்தின் கேள்வி. இரண்டு பேரும் 'நீடித்த' என்ற ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர் எண்ணுவது வேறு, இவர் எண்ணுவது வேறு. இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து நான் தொங்கிக்கொண்டிருக்கும் விஷயமே இதுதான்.

2012இல் அலாஸ்கா சால்மனில் பெரும்பங்கைப் பதப்படுத்தும் கம்பெனிகள் நீலக் குறியிலிருந்து விலகுவதாக அறிவித்தன. எங்கள் சாசனத்தில் இருப்பதற்கு லண்டனிலிருந்து யார் சான்றிதழ் கொடுப்பது என்ற ரோஷம் பாதி. அரை சதவீதமும், ஊர் பேர் தெரியாத மீனோடு ஒரே குறியைப் பகிர்ந்துகொண்டால் 'அலாஸ்கா' என்ற பெயருக்கு என்ன மதிப்பு என்ற வியாபாரக் கணக்கும் மீதி. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 1995 நடத்தை விதிகளை வைத்து அவர்களே ஒரு சான்றிதழ் முறை தயாரித்தார்கள். லோகோவுக்குக் கட்டணம் கிடையாது. அதை நடத்தியது யார் என்கிறீர்கள்? அலாஸ்கா கடலுணவுச் சந்தைப்படுத்தல் நிறுவனம்! விற்கிறவரே தராசையும் செய்தார். (பல ஆண்டு கழித்துத் தனி அறக்கட்டளைக்கு மாற்றினார்கள்.)

2013இல் வால்மார்ட், நீலக் குறியோ அதற்கு ஈடானதோ இல்லாத மீன் இனி எடுப்பதற்கில்லை என்ற பாணியில் விற்பனையாளர்களுக்குக் கடிதம் எழுதியது. அலாஸ்கா கொதித்தது. அதே ஆண்டு அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை தன் உணவகங்களுக்கு விட்ட வழிகாட்டலிலும் நீலக் குறியைக் காட்டியிருந்தது. அமெரிக்க அரசின் துறை ஒன்றே, அமெரிக்கச் சட்டப்படி பிடித்த மீனை விட்டுவிட்டு லண்டன் குறியைத் தேடச் சொல்கிறதா என்று அலாஸ்கா செனட்டர் லிசா முர்கவ்ஸ்கி சீறினார், அதைத் தடுக்க மசோதாவே கொண்டுவந்தார். மற்றொரு செனட்டர் மார்க் பெகிச் செப்டம்பரில் துணைக் குழு விசாரணை வைத்தார். 2014 ஜனவரியில் வால்மார்ட் தன் கொள்கையைத் தளர்த்தி, அலாஸ்கா சால்மனைத் தொடர்ந்து வாங்குவோம் என்றது. ஒரு கடை, நீடித்தது எது என்பதற்கான தன் விளக்கத்தை எட்டு ஆண்டில் மாற்றிக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் ஆற்றில் ஏறிய மீனோ கோபுரத்தில் எண்ணிய பையனோ எதையும் மாற்றவில்லை.

ஜெயித்தது அலாஸ்காவா? 2015இல் அதே கம்பெனிகள் பல, நீலக் குறிச் சான்றிதழுக்குள் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று திரும்பிப் போயின. ஐரோப்பியக் கடைகள் வேறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 2016இல் சான்றிதழ்களுக்கே சான்றிதழ் கொடுக்கும் ஒரு அமைப்பு, அலாஸ்கா முறையும் சரிதான் என்று முதல் அங்கீகாரத்தை அதற்கே கொடுத்தது. மறு ஆண்டு நீலக் குறிக்கும் கொடுத்தது. ஆக, இரண்டும் பாஸ்.

என் கட்சி எது என்று கேட்பீர்கள். கோபுரத்துப் பையன் கட்சி என்று எழுதிவிட்டு முடித்திருப்பேன், அலாஸ்காவின் யூகான் ஆறு மட்டும் இல்லையென்றால். அதே சாசனம், அதே எட்டாம் பிரிவு. ஆனால் யூகானில் ராஜ சால்மனும் சம் சால்மனும் சரிந்துவிட்டன. சோனார் எண்ணிக்கொண்டுதான் இருந்தது, எண்ண மீன் இல்லை. 2024இல் அலாஸ்காவும் கனடாவும் ராஜ சால்மன் பிடிப்பை ஏழு ஆண்டுக்கு நிறுத்திவைக்க ஒப்பந்தம் செய்தன. கோடையில் ஆற்றங்கரை முகாம்களில் மீனை நீள நீளமாகக் கீறி, கம்புகளில் தொங்கவிட்டுப் புகைபோட்டுப் பனிக்காலத்துக்குச் சேர்த்துவைக்கும் பழங்குடிக் குடும்பங்களின் கம்புகள் காலி. அதே சமயம் பெரிங் கடலில் பொல்லாக் பிடிக்கும் இழுவைக் கப்பல்களின் வலையில் 2021இல் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சம் சால்மன் தற்செயலாகச் சிக்கின. அவற்றில் பெரும்பாலானவை ஆசிய மீன் என்று மரபணுச் சோதனை சொல்கிறது. யூகான் சரிவுக்குக் கடல் சூடானதுதான் முக்கியக் காரணம் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். இருக்கட்டும். அந்தப் பொல்லாக் மீனின் பாக்கெட்டில் என்ன குறி இருக்கிறது தெரியுமா? நீலக் குறிதான். பொல்லாக் இருப்பை எண்ணினால் கணக்கு சரியாகவே வருகிறது. யூகான் குடும்பங்களின் காலிக் கம்பு அந்தக் கணக்கில் வரவில்லை.

இன்னொரு வேடிக்கை. 2010இல் தென்துருவக் கடலில் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரைப் பிடிக்கும் ஒரு நார்வே கம்பெனிக்கு நீலக் குறி கிடைத்தது. அதே ஆண்டு, இதே நீலக் குறியைப் பெரிதாகப் போற்றிவந்த ஹோல் ஃபுட்ஸ் கடை, பென்குவினும் திமிங்கிலமும் தின்னும் உணவு அது என்று சொல்லிக் கிரில் மாத்திரைகளை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது. 2022இல் மெய்ன் மாநிலச் சிங்கி இறால் கதை இதைவிடக் கூத்து. இறால் ஏராளம். ஆனால் கூண்டுக் கயிற்றில் சுமார் 340 மட்டுமே மிஞ்சிய வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது என்று மான்டரே விரிகுடா மீன்காட்சியகம் சிவப்புப் பட்டியலில் போட்டது, நீலக் குறியும் நிறுத்திவைக்கப்பட்டது, ஹோல் ஃபுட்ஸ் வாங்குவதை நிறுத்தியது. அந்தச் சந்தடிக்கு நடுவே டிசம்பர் 1 அன்று வெள்ளை மாளிகை பிரான்ஸ் அதிபருக்கு விருந்து வைத்தது. தட்டில் மெய்ன் சிங்கி இறால்.

பொறிக்கும் ஒரு பின்கதை உண்டு. அலாஸ்காவுக்கு முன்பே, 1934இல், வாஷிங்டன் மாநிலமும் மக்கள் வாக்கெடுப்பில் பொறியை ஒழித்தது. இப்போது அதே மாநிலத்தின் கொலம்பியா ஆற்றில் ஒரு சூழல் அமைப்பு சோதனைக்காக மீன் பொறி கட்டியிருக்கிறது. பொறியில் மீன் உயிரோடு நிற்கும், பொரிப்பக மீனை எடுத்துக்கொண்டு இயற்கை மீனைக் காயமின்றித் திருப்பி விடலாம், செவுள் வலையைவிட இதுவே நீடித்த முறை என்பது அவர்கள் வாதம். கம்பும் வலையும் பழைய மாதிரிதான். 21,285 பேர் சேர்ந்து துரத்திய பூதம் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. பொறி கெட்டதா, சியாட்டில் முதலாளி கெட்டவரா என்பதை அந்த 21,285 பேரிடம் யாரும் தனித்தனியாகக் கேட்கவில்லை.

பக்கம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் சத்தியமாக மாலத்தீவு. தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகச் சூரை பிடிக்கும் அவர்களுக்கு 2012இல் நீலக் குறி கிடைத்தது. 2018இல் அதே இந்தியப் பெருங்கடலில், அதே சூரையைச் சுருக்குமடி வலை போட்டு அள்ளும் ஒரு ஸ்பெயின் கம்பெனிக்கும் அதே குறி கிடைத்தது. தூண்டில் தரப்பு ஆட்சேபித்தும் எடுபடவில்லை. நம் சம்பலில் விழும் மாசிக் கருவாடும் சூரைதான். தூத்துக்குடி, காயல்பட்டினம் பக்கத்து வாசகர்கள் மாசி வியாபாரம் பற்றி, எந்தத் தீவிலிருந்து வருகிறது, எப்படித் தரம் பிரிக்கிறார்கள், கடையில் என்ன சொல்லி விற்கிறார்கள் என்று தெரிந்ததை எல்லாம் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். திங்கட்கிழமைக்குள் வந்தால் சேர்த்துக்கொள்கிறேன்.